டோரினின் ஆறாத கோபம்

டோரினுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். ஜெபக் குழுவினர் காரை விட்டு இறங்கும்போதே அன்று அது சிவந்துவிட்டது.

மம்பாவு டவுனுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில் அவளுடைய அக்கா புனிதா வயிற்றில் புற்றுநோயோடு படுத்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல், மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கித் தங்கையைப் படிக்க வைத்தவள். வலி என்று போனபோதெல்லாம் டவுன் கிளினிக்கில் 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது ஈரல்வரை பரவியிருந்தது. நீலாய் டவுனில் தொழிற்சாலை வேலையில் இருந்த டோரின் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

ஜெபக் குழுவை நடத்தும் டான்யா கட்டிலருகே உட்கார்ந்து புனிதாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இது சோதனை. பொறுமையா இருங்க. மனசுல மறைச்சு வச்ச பாவம் ஏதாச்சும் இருந்தா அறிக்கை பண்ணிடுங்க. விசுவாசம் இருந்தா சுகம் நிச்சயம்."

"எந்திரி," என்றாள் டோரின்.

"என்ன சிஸ்டர்?"

"எந்திரின்னேன். எங்க அக்கா செஞ்ச பாவத்தத் தேடிப் பாக்கவா வந்தீங்க? வெளிய போங்க!"

சபை மூப்பர் அமலதாஸ் கையை உயர்த்தினார். "கோவப்படாதம்மா. பொறுமை வேணும்லா."

"கிளினிக்ல வாயத் தொறக்காம பொறுமையா இருந்துதான் இவ இப்படிக் கெடக்குறா. இன்னும் எவ்ளோ வேணும் ஒங்களுக்கு?"

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"தே தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாங்க," என்றாள் புனிதா.

டோரினின் கோபம் இப்போது அக்கா பக்கம் திரும்பியது. "ஒனக்குக் கோவமே வராதாக்கா? கர்த்தர் வருவாரு, ஆயத்தமா இருன்னு சொல்லிச் சொல்லியே ஒன்ன மரக்கட்டை ஆக்கிட்டாங்க!"

"வராம என்ன? அந்த டாக்டர நெனச்சா இப்பவும் ஒடம்பு எரியுது. ஆனா போற நேரத்துல அதத் தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல, பாப்பா." சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "பக்கத்து வீட்டு குமுதவல்லிய கூட்டிட்டு வா."

டோரின் திகைத்துப்போனாள். புனிதா முன்பு ஆயாக் கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பால் மாவு திருடினாள் என்று பரப்பி, அந்த வேலையிலிருந்து நிறுத்த வைத்தவள் குமுதவல்லி. அதன் பிறகுதான் புனிதா வெயிலில் பழம் பொறுக்கப் போனாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"அவளையா? மன்னிச்சுட்டேன்னு சொல்லப் போறியா?"

"போய்க் கூப்புடு."

டோரின் போய் அந்த வீட்டுக் கதவை உடைப்பதுபோல் தட்டினாள். குமுதவல்லி வந்து கட்டில் ஓரம் நின்றாள். புனிதா அவளை நேராகப் பார்த்தாள்.

"நா பால் மாவு எடுக்கல, குமுதா. ஒனக்குத் தெரியும்."

குமுதவல்லி தலையசைத்தாள். "தெரியும். என் தங்கச்சிக்கு அந்த வேல கெடைக்கணும்னு அப்படிப் பொய் சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு பயம்."

"ஒம்மேல எனக்கு வன்மம் இல்ல. இத நீ கேக்கணும்னு ரொம்ப நாளா காத்துட்டு இருந்தேன். ஆனா என்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. லயத்துல எல்லாருக்கும் நீயே சொல்லிடு."

அன்று சாயங்காலம் மணியத்தின் மளிகைக் கடை வாசலில், ஆட்கள் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோது, குமுதவல்லி அதைச் சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. ஆனாலும் முழுவதும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த டோரினுக்கு அவளைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டாள். அக்காவின் பொறுமையை அதுவரை வெறும் பயம் என்றுதான் நினைத்திருந்தாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், கஞ்சி வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்ட புனிதா, அப்படியே போய்விட்டாள். முகத்தில் கலவரம் இல்லை. அடக்க ஆராதனையில் அமலதாஸ் அவளுடைய பொறுமையைப் புகழ்ந்து நீளமாகப் பேசினார். டோரின் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றாள்.

அதற்கு அடுத்த வாரம் டவுன் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் பிஸி என்றார்கள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசியில் டாக்டரே வெளியே வந்தார்.

"எங்க அக்கா பேரு புனிதா. ஒவ்வொரு தடவையும் வயித்தத் தொட்டுக்கூடப் பாக்காம அனுப்பிட்டீங்க. செத்துட்டா," என்றாள். கத்தவில்லை. நோயாளிகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாரிலா," என்று முணுமுணுத்தார் அவர். அந்தச் சொல் டோரினுக்குப் போதவில்லை. மேலிடத்தில் புகார் கொடுத்தாள். இன்னும் பதில் வரவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது லீவு நாளில் நீலாயிலிருந்து வந்துவிடுகிறாள். லயத்துப் பெண்கள் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டோரின்தான் கூடப் போகிறாள். அவர்கள் சொல்லக் கூசுவதை டாக்டரிடம் மலாயில் சொல்கிறாள். சோதித்துப் பார்க்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை. போன மாதம் குமுதவல்லியையும் அப்படித்தான் கூட்டிப் போனாள். வழி முழுக்க அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.