ஒரு வாய்த் தண்ணீர்

பல்லடத்தில் கோபாலசாமியிடம் போனால் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. பதினாறு தறி ஓட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு, பிரியப் போகிற புருஷன் பெண்டாட்டிகளுக்குப் பஞ்சாயத்துச் செய்வார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் பேசி முடிக்கிறவரை மற்றவர் வாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். துப்பவும் கூடாது, விழுங்கவும் கூடாது. கன்னம் உப்பிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் முறைப்பது? பாதிப்பேர் சிரித்துத் தொலைத்து, சேர்ந்தே வீடு போனார்கள். மனிதருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

தொண்ணூற்று நாலு ஆடியில் ஒரு ஞாயிறு, வழக்குக்காரர் பெஞ்சில் அவர் மனைவி சென்னியம்மாள் வந்து உட்கார்ந்தாள். மடியில் துணிப்பை.

"ஏனம்மணி, காப்பித்தண்ணி கொண்டாந்தயா?" என்றார்.

"இல்லீங்க. என்னையத் தீத்து உட்டுருங்க. கிணத்துக்கடவுல அக்கா ஊட்டுக்குப் போறனுங்க. முப்பது வருசமா நான் வாயத் தொறந்தா, நீங்க துண்ட ஒதறிப்போட்டு எந்திரிச்சுப் போயிர்றீங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. வேறு யாரையாவது வைத்துப் பேசலாமே என்று கோபாலசாமி மழுப்பினார்.

"பல்லடத்துல வேற ஆருங்க இருக்கறாங்க?"

வேறு வழியில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எதிர்த்தரப்பு வந்தாச்சுங்களா?" என்று கேட்டார். எழுந்து போய்ப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, "வந்தாச்சுங்க" என்றார். திரும்ப நாற்காலிக்கு வந்து, எதிர்த்தரப்பு தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். முறைக்குக் காத்திருந்த ஈரோட்டு ஜோடி தங்கள் சண்டையை மறந்து வாய் பிளந்து பார்த்தது.

சென்னியம்மாள் ஆரம்பித்தாள். பல்வலியில் அவள் துடித்தபோது கோழி வாங்கப் போனது. மோகனப்பிரியா என்று மகளுக்குப் பேர் வைத்ததைப் பெற்றவளுக்குக் கடைசியில் சொன்னது. அத்தனைக்கும் அவரிடம் பதில் இருந்தது, நல்ல பதிலாகவே இருந்தது. ஆனால் வாயில் தண்ணீர் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் பையைத் தோளில் மாட்டினாள். "அவ்வளவுதானுங்க. இனி நீங்க பேசலாம்."

அவர் வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார். ஈரோட்டு ஜோடி காதைத் தீட்டிக்கொண்டது. கோபாலசாமி சொம்பைத் தூக்கி, இன்னொரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

சென்னியம்மாள் அந்த உப்பிய கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"எழுவத்தொம்பதுல உங்க தங்கச்சி வந்திருந்தப்ப என்ன நடந்துச்சுன்னா..." என்று தொடங்கினாள்.