பிரெஞ்சுக் காகிதங்கள்

பிரெஞ்சு படித்தவனுக்குக் காரைக்காலில் குமாஸ்தா வேலை, கப்பலேறினால் சைகோனில் பெரிய வேலை என்று நம்பி, அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். பிரெஞ்சு வாயில் நுழையாத தம்பியை, போனால் போகிறதென்று நாகூருக்கு இங்கிலீஷ் படிக்க அனுப்பினார். பிரெஞ்சு எல்லையிலிருந்த வாஞ்சூர் சுங்கச் சாவடியில் அவன் தினமும் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போவான். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

நான் பரீட்சையில் தேறிய கையோடு பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனான். அலுவலகங்களில் மெல்ல இங்கிலீஷ் வந்தது. தம்பிக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஒரு அலமாரி நிறைய இருந்த பழைய பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழில் எழுதித்தர, அதே அலுவலகத்தில் என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள்.

"அண்ணன் இல்லாட்டி இதெல்லாம் யாருக்குங்க புரியும்?" என்று தம்பி மேலதிகாரியிடம் பெருமையாகச் சொல்வான்.

அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. வேகமாக எழுதுபவன் என்று பள்ளியில் பரிசு வாங்கிய நான், அங்கேதான் மெதுவாக எழுதப் பழகினேன்.