இருப்புக் கொள்ளாத உம்மா

புகழெல்லாம் இறைவனுக்கே. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களுக்கும், உம்மாவின் சிநேகிதத்தால் எங்களுக்குச் சொந்தமானவர்களுக்கும் கடைசி மகளின் ஸலாமும் வணக்கமும். உம்மா மௌத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. வருஷக் கத்தம் ஓத வருகிறவர்களுக்குக் கொடுக்க நாலு வரி எழுதித் தா என்று அண்ணன், எங்கள் காக்கா, கேட்டார். எழுத உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது. அடுப்பைப் பார்க்கிறேன், வாசல் படலையைப் பார்க்கிறேன், வந்து மறுபடி உட்காருகிறேன். உம்மாவின் பிள்ளை வேறெப்படி இருப்பாள்?

உம்மா பிறந்தது கல்முனையில், கடற்கரைப் பக்கத்துத் தெருவொன்றில். எங்கள் வழக்கப்படி பெண் தான் பிறந்த வீட்டிலேயே இருப்பாள்; மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். அப்படி அட்டாளைச்சேனையில் இருந்து வந்து சேர்ந்தவர் எங்கள் வாப்பா. நெல் வாங்கி விற்பவர். சாய்மனைக் கதிரையில் ஒருமுறை சாய்ந்தால் அஸர் பாங்கு கேட்கும்வரை அசையமாட்டார். உம்மா அதற்கு நேர் எதிர். நின்றபடிதான் சாப்பிடுவார். "இருந்து தின்னுங்களேன் உம்மா" என்று நாங்கள் கெஞ்சினால், "இருந்தா கால் மரத்துப் போகும்" என்று சொல்லிக்கொண்டே கிணற்றடிக்குப் போய்விடுவார்.

பிள்ளைகள் நாங்கள் ஒரு ஆணும் மூன்று பெண்ணும். மூன்று பெண் என்றால் எங்கள் பக்கத்தில் மூன்று வீடு என்று பொருள். வீடு கொடுக்காமல் மகளுக்கு மாப்பிள்ளை எடுக்க முடியாது. மூத்த ராத்தாவின் கல்யாணத்தோடு உம்மா பிறந்த கல்வீடு ராத்தாவுக்குப் போனது. நாங்கள் பின்வளவில் ஒரு கிடுகு வீட்டுக்குப் போனோம். அது கல்வீடானதும் சின்ன ராத்தாவுக்குக் கல்யாணம். மறுபடியும் சட்டி பானையைத் தூக்கினோம். மூன்றாவது வீட்டின் கூரையைச் சூறாவளி கொண்டு போனது. ஊரில் தென்னை ஒன்றும் நிமிர்ந்து நிற்காத அந்த மாதங்களில், வாப்பா கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட, உம்மா கதிர் வெட்டுக்காரருக்குச் சோறாக்கி வயலுக்கு அனுப்பி, நெல் அவித்து, ஓடு ஓடாகச் சேர்த்தார். அடுத்த வருஷம் அந்தக் கூரையின் கீழ் எனக்குக் கல்யாணம் முடித்துவைத்தார். அதுவரை அவர் அக்கரைப்பற்றைத் தாண்டிப் போனதில்லை.

கல்யாணச் சாப்பாட்டுச் சட்டிகள் கழுவி முடியவில்லை, உம்மா சாவிக்கொத்தை என் கையில் வைத்தார்.

"இந்தா மகள், உன்ட வீடு. இனி எனக்கு வீடுமில்ல, வீடு கட்டுற வேலையுமில்ல. நான் கொஞ்சம் ஊர் பாக்கப் போறன்."

வாப்பா கதிரையில் இருந்து தலையைத் தூக்கினார். "எந்த ஊரு?"

"எல்லா ஊரும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அடுத்த கிழமையே கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். வாப்பாவையும் ஏற்றிக்கொண்டுதான். மூன்றாவதாக ஏறியவர் செல்லம்மாக்கா.

செல்லம்மாக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு அடுத்த தமிழ்க் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பம். இளம் வயதில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வந்தவர். மீனுக்குப் பதிலாக உம்மா அரிசி கொடுத்தார். பிறகு மீன் வாங்காத நாளிலும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்று கதைக்கத் தொடங்கி, சொந்தக்காரிகள் போல ஒருவரை ஒருவர் மச்சி என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்கள்.

கண்டி, நுவரெலியா, திருகோணமலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று மூவரும் சுற்றினார்கள். மலை வளைவுகளில் வாப்பா வாந்திக்குப் பயந்து ஒரு தேசிக்காயை, எலுமிச்சைதான், மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உம்மா ஜன்னலை விட்டு நகரமாட்டார். "ஒங்கட வாப்பா நுவரெலியாவுக்குப் போய் ஒரு தேசிக்காயப் பாத்துட்டு வந்திருக்காரு" என்று வந்து கேலி செய்வார். பயணம் இல்லாத நாட்களில் மகள்மார் வீடு, காக்காவின் மனைவி வீடு, வாப்பாவின் குடிச் சொந்தத்தில் நோயாளி யாரும் இருந்தால் அந்த வீடு. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் ஆளனுப்ப முதல் வாசலில் நிற்பார். வந்த வேகத்தில் போகவும் செய்வார். இருக்கச் சொல்லி நான் சண்டை பிடித்த நாட்கள் உண்டு. "பாத்துட்டன்தானே" என்பார். எனக்கு அழுகை வரும்.

எல்லாவற்றிலும் அவர் அதிகம் பேசியது கதிர்காமப் பயணத்தைத்தான். அங்கே கோயிலும் இருக்கிறது, பள்ளிவாசலும் இருக்கிறது. செல்லம்மாக்கா தன் நேர்த்திக்கும் உம்மா தன் துஆவுக்கும் ஆளுக்கொரு பக்கம் போய், மாணிக்க கங்கைக் கரையில் வந்து சேர்ந்து, காலை நனைத்துக்கொண்டு கட்டுச்சோறு தின்றார்களாம். அங்கே மட்டும்தான் உம்மா உட்கார்ந்து சாப்பிட்டதாக வாப்பா சாட்சி சொன்னார். இன்னொரு முறை போவதென்று ஆற்றங்கரையிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள்.

அதற்குள் வாப்பா மௌத்தானார். ஒரு மதியம் லுஹர் நேரம், அதே கதிரையில், யாருக்கும் தொல்லையில்லாமல். செல்லம்மாக்கா ஓடி வந்து உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன்பிறகு உம்மா இத்தா இருந்தார். புருஷனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு இறங்காமல், பிற ஆண்கள் பார்க்காமல் இருக்க வேண்டிய கடமை அது. பெண்கள் வந்து போகலாம், தடையில்லை. நின்று தின்கிற உம்மா, வெள்ளைச் சீலை உடுத்தி, என் வீட்டு உள்ளறையில் அடங்கினார்.

அடங்கினார் என்று எழுதுவது பொய். கால் அடங்கவில்லை. சுவரில் இருந்து சுவருக்கு நடப்பார். பெரிய ரோட்டில் பஸ் ஹோன் கேட்டால், "அது அக்கரைப்பற்று பஸ்ஸா, மட்டக்களப்பு பஸ்ஸா?" என்று கேட்பார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். செல்லம்மாக்கா மட்டும் வரவில்லை. முதல் மாதம் உம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு பெண் குரல் கேட்கும்போதெல்லாம் திரையை விலக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் காலமும் கெட்டது. எண்பதுகளின் நடுப்பகுதி எங்கள் கரையில் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்தடுத்து இருந்த தமிழ், முஸ்லிம் ஊர்க்காரர் ஒருவரை ஒருவர் பயந்து பார்த்தார்கள். யார் தொடங்கினார்கள் என்று எழுத இது இடமுமில்லை, எனக்கு அது தெரியவும் தெரியாது. கடைகள் பூட்டின, பஸ்கள் நின்றன, ரோட்டில் ஹோன் சத்தம் இல்லாமல் போனது. செல்லம்மாக்காவின் குடும்பம் கடற்கரையை விட்டு உள்ளே நாவிதன்வெளிப் பக்கம் சொந்தக்காரரின் வயலுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

"அவட மனம் மாறிட்டுது" என்றார் உம்மா.

"அப்படிச் சொல்லாதீங்க உம்மா. ரோட்டால வர ஏலாதே."

"ரோடு பூட்டினது பொறவு. அதுக்கு முதல் ரெண்டு மாசம் ரோடு தொறந்துதான் கிடந்தது. அவ வரல்ல."

சொல்லிவிட்டு உம்மா கண்ணைத் துடைத்தார். வாப்பாவுக்காக அழுத கண், இப்போது எதற்காக அழுகிறது என்று எங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இத்தா முடிந்த நாளில் குளித்து, நிறச் சீலை உடுத்தி, உம்மா முற்றத்துக்கு இறங்கினார். காக்கா தன் மனைவி வீட்டுக்கு, அக்கரைப்பற்றுக்குக் கூட்டிப் போக வாடகைக்கு ஒரு வான் பிடித்து வந்திருந்தார். அங்கே சமையல் தயார். சொந்தமெல்லாம் காத்திருக்கிறது.

"அங்க மறுகா வாறன் மனே. முதல்ல நாவிதன்வெளிக்குப் போகணும்."

காக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன பேச்சு உம்மா இது? அந்தப் பக்கம் யாரு போறான் இப்ப? போனா திரும்பி வருவீங்க எண்டு யாரு சொல்ற?"

"அவ உசிரோட இரிக்காளா, என்னோட கோவமா இரிக்காளா எண்டு தெரியாம, உன்ட வீட்டுச் சோத்த நான் எப்படி முழுங்கிற?"

காக்கா வானின் கதவில் சாய்ந்து நின்று எதிர் வீட்டுச் சுவரையே பார்த்தார். கடைசியில் அவரே அலைந்து, அந்தப் பக்கம் வயல் செய்கிற ஒருவரின் டிரக்டரைப் பிடித்து வந்தார். உம்மாவை நான் தனியே விடவில்லை, நானும் ஏறினேன். கிட்டங்கித் தாம்போதியில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் கரண்டைக்காலளவு ஓடியது. டிரக்டர் பெட்டியில் ஒரு கையால் என்னையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு உம்மா நின்றே வந்தார். பயந்தவள் நான்தான்.

வயல் ஓரத்துக் குடிசை முன்னால் செல்லம்மாக்கா நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடி வந்தவர், சட்டென்று பத்தடிக்கு அப்பால் நின்றுவிட்டார். உம்மாவின் முகம் செத்துப் போனது.

"மச்சி, கழிஞ்சிட்டா?" என்று கேட்டார் செல்லம்மாக்கா.

"என்ன கழிஞ்சிட்டா?"

"துடக்குத்தான், தீட்டு. எங்கட ஆக்கள் அறைக்குள்ள இருந்தாத் துடக்கு. பெரியபுள்ளையானாலும் அப்படித்தான், புள்ளப் பெத்தாலும் அப்படித்தான். கழிய முதல் அந்த வீட்டுக்குப் போனா கடலுக்குப் போற தோணிக்குக் கூடாது. நீ வெள்ளையோட அறைக்குள்ள இருக்காய் எண்டாங்க. நான் நாள் பாத்துக்கொண்டிருந்தன். மறுகா எல்லாம் குழம்பிப் போச்சு."

உம்மா சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு கொட்டினார் பாருங்கள்! "அடி மடச்சி! இத்தாவில என்னடி துடக்கு? ஊர்ப் பொம்புளையெல்லாம் வந்து தின்னுட்டுப் போறாளுகள், நீ தோணியக் கட்டிப் புடிச்சிட்டு இருந்திருக்கா! நான் என்ன நெனச்சன் தெரியுமா?"

"என்ன நெனச்ச?"

உம்மா முகத்தைத் திருப்பினார். செல்லம்மாக்காவுக்கு விளங்கிவிட்டது. "அப்படி நெனச்சியா என்னை?" என்று கேட்டு அவர் அழ, பத்தடியையும் உம்மாதான் கடந்தார். எனக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஊரில் யாரும் அறியாத சண்டையை இந்த இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மூலையில் இருந்து பிடித்து முடித்திருக்கிறார்கள்.

அதன்பிறகு உம்மாவைப் பிடித்து வைக்க யாராலும் முடியவில்லை. தூரப் பயணங்களுக்குக் காலம் இடம் தரவில்லை. கதிர்காமத்துக்குக் குறித்த நாளெல்லாம் ஏதோ ஒரு ஊரடங்கில் போய்விடும். ரோடு திறந்தால் நாவிதன்வெளிக்குப் போவார், பூட்டினால் மகள்மார் வீடுகளைச் சுற்றுவார். "கதிர்காமம் கிடக்கட்டும். இப்போதைக்கு இவட முகம் போதும்" என்று சொல்லிப் போனதுதான் கடைசிப் பயணம். அன்று லுஹர் தொழுதுவிட்டு, கொஞ்சம் சாய்கிறேன் என்று செல்லம்மாக்காவின் பாயில் படுத்தவர் எழும்பவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

செல்லம்மாக்கா கண்ணை மூடிவிட்டு, உம்மா எந்தத் திக்கைப் பார்த்துத் தொழுவார் என்று தெரிந்தபடியால் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறார். ஆட்கள் சொன்னதைக் கேட்காமல், மூத்த மகனைக் கொண்டு டிரக்டர் எடுப்பித்து, உம்மாவின் மையத்துக்குத் தலைமாட்டில் தானே ஏறி உட்கார்ந்து வந்தார். வழியில் மறித்தவர்கள், நெற்றியில் பொட்டோடு ஒரு பெண்ணும் மூடிய மையத்துமாகக் கண்டு, "யார் இது?" என்று அதட்டியிருக்கிறார்கள்.

"என்ட மச்சி. அவட வீட்டுக்குக் கொண்டு போறன்" என்றாராம்.

விட்டுவிட்டார்கள். தோணி, துடக்கு ஒன்றையும் அன்று அவர் நினைக்கவில்லை. ஜனாஸா எடுக்கும்வரை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நடுவில் இருந்தார். ஆண்கள் உம்மாவைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டியதும் என்னைப் பார்த்து, "இனி நான் எங்க போற புள்ள?" என்று கேட்டார்.

குளிப்பாட்டிக் கபனிட்ட பெண்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், கத்தம் ஓதியவர்களுக்கும், சோறாக்கி அனுப்பிய அயலவர்களுக்கும், ஊரடங்குக்கு நடுவிலும் அட்டாளைச்சேனையில் இருந்து வந்து நின்ற வாப்பாவின் குடியாருக்கும் எங்கள் நன்றி. உம்மாவின் பிழைகளை மன்னித்து அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.

ஒருவருக்கு மட்டும் இங்கே நன்றி எழுதவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. எழுதினதை நானே கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். உம்மா அவரைச் சந்தேகித்த இடத்தை வாசிக்கும்போது இன்னொரு முறை அழுவார், என்னையும் ஏசுவார். உம்மா இல்லாமல் அந்த வாசலில் எப்படிப் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு நாளாக இதையே நினைத்து எழும்பி எழும்பி உட்காருகிறேன். ரோடு திறந்திருக்கிறது என்று இப்போது காக்கா வந்து சொல்கிறார். மிச்சத்தை அவரே எழுதட்டும், நான் போகிறேன்.