நூற்றைந்து சதவீதம்

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு படிவம் வந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைச் சீரமைக்கப் போகிறார்களாம். தொழில்துறையில் இருப்பவர்களின் கருத்து வேண்டுமாம். முதல் கேள்வியே 'உயர்கல்வியின் நோக்கம் என்ன?' என்பதுதான். கீழே நான்கு கட்டங்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். காய்கறிக்குக்கூட வரிசை எண் போட்டுத்தான் எழுதுவேன். ஆனாலும் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது டீசலும் மல்லிகைப்பூவும் கலந்த ஒரு வாசனைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் காலேஜ் பஸ்ஸின் வாசனை.

காலை ஏழேகாலுக்கு விழுப்புரத்தில் கிளம்பும். கல்லூரி திண்டிவனத்தைத் தாண்டி, கிளியனூர் போகும் சாலையில் இருந்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் யாராவது "இந்தப் படிப்பு எதுக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று கட்சிகள். ஒன்று, பட்டம் என்பது வேலைக்கான டிக்கெட் என்கிற கட்சி. தலைவர் மெக்கானிக்கல் பிரகாஷ். இரண்டு, அறிவுக்காகவே படிக்கிறோம் என்கிற கட்சி. தலைவி நான், தொண்டரும் நானே. மூன்று, பஸ் ஓட்டிய முருகையன் அண்ணன். அவர் வரலாற்றில் எம்.ஏ.

"எம்.ஏ. படிச்சிட்டு ஸ்டியரிங் புடிச்சிக்கினு இருக்கீங்களே அண்ணே, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்பான் பிரகாஷ்.

"மத்தவன் ஓட்டினா வண்டி மட்டும்தான்டா போவும். நான் ஓட்டினா செஞ்சிக் கோட்டை கதையும் கூட வருது. அதுக்கு எதுனா தனியா கேட்டனா?"

அறிவுக் கட்சித் தலைவியின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் வேலை செய்கிற கருவிகள் குறைவு. அதனால் ரெக்கார்டு நோட்டை முந்தைய வருஷத்து அக்காக்களின் நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் எங்கள் வழக்கம். மின்மாற்றிக்குள் போகும் மின்சாரத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்று ஒரு சோதனை. எங்களுக்கு முன்னால் படித்த எல்லோருக்கும் தொண்ணூற்றிரண்டு சதவீதம். எனக்கும் அதே. அந்த மின்மாற்றியை நான் தொட்டதுகூட இல்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் முழு மதிப்பெண்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை அமுதாவுடையது. முகையூர்ப் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவாள். இந்தச் சண்டையில் அவள் வாயே திறக்க மாட்டாள். பி.இ. முடித்த அவளுடைய பெரியப்பா மகன் பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டிருந்தான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் அவள் அப்பாவுக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது. இரண்டு வருஷம் படித்தது போதும், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை, டி.சி. வாங்குவதற்காக அவரும் எங்களோடு பஸ்ஸில் ஏறினார். அன்று யாரும் விவாதத்தை ஆரம்பிக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் அவரே என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா போய்க்கினு வர்றீங்களே, என்னாதாம்மா கத்துக்கினீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

நான் விரலை மடக்கி, ஒன்று, இரண்டு என்று பாடங்களைச் சொல்லத் தொடங்கினேன்.

"பாடத்துப் பேரு சொல்ற. கத்துக்கினது என்னான்னு கேட்டேன்."

பிரகாஷ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அப்போது அமுதா பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்தாள். அவள் பிரித்தது அந்த மின்மாற்றிச் சோதனைப் பக்கம், குறுக்கே சிவப்புக் கோடு. இந்த நேரத்தில் அதையா காட்டுவாள்?

"இதுல மத்ததெல்லாம் பாத்து எழுதினதுப்பா. இது ஒண்ணுதான் நானே செஞ்சது. நூத்தியஞ்சு சதவீதம் வந்துச்சு. தப்புன்னுட்டாங்க."

"நூறு குடுத்தா நூத்தியஞ்சா?" அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "நூறு கிலோ மல்லாட்டைய செக்குல போட்டா நூத்தியஞ்சு கிலோ எண்ணெ வருமா?"

"வராதுப்பா."

"அப்ப தராசுலதான் கோளாறு. அதப் பாத்தியா?"

"பாத்தேன். கரண்டு குடுக்காதப்பவே மீட்டர் முள்ளு பூஜ்யத்துல நிக்கல. மேடம்கிட்ட சொன்னேன். பேஜாரு பண்ணாத, சீனியர் நோட்டப் பாத்து மாத்தி எழுதுன்னாங்க."

"மாத்தினியா?"

"இல்ல."

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கல்லூரி வாசலில் நாங்கள் இறங்கும்போதுதான் அவள் கையில் கொடுத்தார். அவர் இறங்கவில்லை.

"வண்டி திரும்ப எப்ப போவும்?"

"சாயங்காலம்தாங்க" என்றார் முருகையன் அண்ணன். "இப்ப டீசல் போட திண்டிவனம் போறேன். வர்றதுன்னா உக்காருங்க, இறக்கி வுட்டுடறேன்."

"ஜல்தியா போங்க. கொல்லையில வேல கெடக்கு."

அமுதா கடைசி வருஷம் வரை என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள்.

அந்தக் கல்லூரி இப்போது இல்லை. வருஷா வருஷம் சேருகிறவர்கள் குறைந்து, மூடிவிட்டார்கள். நுழைவாயில் வளைவில் திருமண மண்டபத்தின் பெயர்ப் பலகை தொங்குகிறது. முருகையன் அண்ணன் எந்த வண்டி ஓட்டுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அமுதா வேறொரு கல்லூரியில் மின்னியல் ஆய்வகம் எடுக்கிறாள். நேற்று போனில் பேசினோம். கருவிகள் எல்லாம் புதுசு, ரெக்கார்டு முழுக்கக் கம்ப்யூட்டரில் என்றாள்.

"எண்ணு சரியா இருந்தா கட்டம் பச்சையாவும். தப்பா இருந்தா செவப்பு, சேவ் ஆவாது."

"அப்ப புள்ளைங்க என்னடி பண்ணுதுங்க?"

"பச்சையாவுற எண்ண பக்கத்துல கேட்டு வாங்கிப் போட்டுக்கினு போயிடுதுங்க."

நாங்கள் காப்பியடித்த வழக்கம் அப்படியேதான் இருக்கிறது. நூற்றைந்து என்று எழுதி, அதை மாற்ற மாட்டேன் என்று வைத்துக்கொள்ள ஒரு பக்கம் இருந்ததே, அதுதான் போய்விட்டது.