ஆறு மணிக்குக் கிடைக்காத வைஃபை

1. மத்தியானம் ஓடியது

பழவேற்காட்டில் செல்போன் ரிப்பேரும் மைக் செட் வாடகையும்தான் என் தொழில். படிப்பு பத்தாவது. ஆட்களோடு பேசுவதைவிட சால்டரிங் அயனோடு இருப்பது எனக்குச் சுலபம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தோணிரேவு பக்கம் ஒரு குப்பத்தில், மீனவர் சங்கக் கட்டடத்து ஹார்ன் ஸ்பீக்கரில் தினமும் மாலை ஆறு மணிக்கு மறுநாள் காற்று நிலவரம் தானாகவே வர வேண்டும் என்றார்கள். கேட்டு வாங்கியது மல்லிகா அக்கா. ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார். செல்போன் கிடையாது. முந்தின மாதம் வாடைக்காற்று திடீரென ஏறியதில், கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்துத்தான் கரை சேர்ந்தாராம்.

நெட்டில் நிலவரத்தை எடுத்துக் குரலில் சொல்லும் உள்ளங்கை அளவு சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் ஒன்றை ஆம்ப்ளிஃபையரில் இணைத்தேன். சங்கத்துக் கூடத்தில் இருந்த வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு கொடுத்தும் கனெக்ட் ஆகவில்லை. எந்த நாடு என்று செட்டிங்கில் சொல்லாவிட்டால் அந்த போர்டு வைஃபையைத் திறக்கவே திறக்காது. இந்தியா என்று போட்டதும் வந்துவிட்டது. அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிபடும், 5 கிகாஹெர்ட்ஸ் பிடிபடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியானம் ஒரு மணிக்கு ஹார்ன் பேசியது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2. மாலையில் நின்றது

ஆறு மணிக்குப் பேசவில்லை என்று தகவல் வந்தது. மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது. மாலையில் மறுபடி சத்தமில்லை. உப்புக்காற்றில் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்ததோ என்று துடைத்தேன். அடாப்டரை மாற்றினேன். அதற்கும் அடுத்த நாள், இன்று பேசாவிட்டால் ஹார்னைக் கழற்றிக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார் சங்கத் தலைவர் ஏழுமலை.

அன்று அங்கேயே இருந்தேன். ஐந்தரைக்கெல்லாம் கூடத்தில் உட்கார இடமில்லை. எல்லோர் கையிலும் போன், போனில் கிரிக்கெட். ஆறுக்குப் பத்து நிமிடம் முன்புதான் நெட்டில் சேரும்படி நான் வைத்திருந்த போர்டு, கனெக்ட் ஆகாமல் திணறியது. என் போனில் அதே வைஃபையைத் தட்டினேன். அதற்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. சின்ன ரவுட்டர் அது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் யாரையும் சேர்க்காது. மத்தியானம் எல்லோரும் ஏரியில். மாலையில் எல்லோரும் இங்கே. அந்த எண்ணிக்கையைக் கூட்ட ரவுட்டரின் செட்டிங்கைத் திறக்கும் பாஸ்வேர்டு, ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனவர்களிடம் இருந்தது.

ஒருவர் விலகினால் போதும். அதை அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்ற மல்லிகா அக்காவிடம் மெல்லச் சொன்னேன்.

"அத்த அவங்களாண்ட சொல்லுய்யா. என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற?"

எழுந்து நின்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா மெக்கானிக்கு, சத்தமா பேசுனா எறா ஓடிடும்னு பயமா?" என்றார் ஏழுமலை. சிரித்தார்கள். மறுபடியும் சொன்னேன். முதலில் வந்தவனுக்குத்தான் நெட் என்றார் ஒருவர். யாரும் போனை விடவில்லை.

அந்த ஊரில் ஏரியின் நல்ல இடங்களுக்குப் பாடு உண்டு. எந்த நாளில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். கையால் பிடிப்பவர்களுக்கு அதில் பங்கில்லை.

மல்லிகா அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். "ஏரியில மொதல்ல போறவனுக்குன்னா வுட்றீங்க? பாடு வெச்சிகிறீங்க இல்ல? அதுல எங்களுக்கு இல்ல, சரி. இந்தப் பொட்டிக்கு ஒரு பாடு குடுங்க. பத்து நிமிசம்."

ஏழுமலை தன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"தெனம் ஆறுக்கு முன்ன பத்து நிமிசம் பொட்டி பாடு. யாரு நெட்ட வுட்டு எறங்குறதுன்னு நாளையிலேந்து சீட்டுப் போடுங்க. இன்னிக்கு நானு."

ஆறு மணிக்கு ஹார்ன் பேசியது. நாளை வாடை பலமாக இருக்கும் என்றது. அப்படியானால் நாளைக்கு ஏரி இல்லை, துணி துவைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே மல்லிகா அக்கா நடந்தார்.

போர்டைச் சௌகரியமான நேரத்தில் சோதிக்காதீர்கள். அது தேவைப்படுகிற நேரத்தில், அங்கே இருக்கும் ஆட்களோடு உட்கார்ந்து சோதியுங்கள். என்ன கோளாறு என்று நான் மூன்று நாளாகப் போர்டிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.