ஒரு வரியில் நின்ற குரல்

செய்தி வந்தபோது நான் உயிரியல் பாடத்துக்காக இதயத்தின் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். ஜோயல் அனுப்பியிருந்தான்: "நம்ம கிளாஸ்மேட் போயிட்டாரு." ஜோயலும் நானும் ஒரே பள்ளிக்கூடம் இல்லை. நாங்கள் சேர்ந்து படித்தது ஒரே ஒரு வகுப்பில்தான். நம் ஊர் அசாம் ஜாவாவில், ஆலயத்துக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில், சபையில் முழு உறுப்பினராகப் போகிறவர்களுக்குப் போதகர் ஐயா நடத்திய திடப்படுத்தல் வகுப்பு அது. அங்கே 'போயிட்டாரு' என்று மரியாதையோடு சொல்லவேண்டிய மாணவர் ஒருவர்தான் இருந்தார். முனியாண்டி அங்கிள். தோட்டத்துப் பிள்ளைகளை ஆலயத்துக்கு ஏற்றிவர வேனைக் கிளப்பப் போனவர், சாவியைக் கையில் பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியே போய்விட்டார்.

சபையாரே, உங்களில் பலருக்கு அவரை லோரிக்காரராகத் தெரியும். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் ஓடியவர். அவருடைய மனைவி ரோசம்மா ஆன்ட்டி நம் சபையைச் சேர்ந்தவர். ஆன்ட்டியை இறக்கிவிட வந்து, மழை பெய்த ஒருநாள் உள்ளே ஒதுங்கி, பிறகு கடைசி பெஞ்சிலேயே தங்கிவிட்டதாக அங்கிளே சொல்வார். ஆன்ட்டி இறந்த பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. ஒருநாள் ஐயாவிடம் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு அப்போது இல்லாததால் எங்களோடு உட்காரச் சொன்னார் ஐயா.

முதல் நாள் ஒரு டப்பா நிறைய கறிபாப் பலகாரத்தோடு வந்தார். ஜோயல் எழுந்து, "தாத்தா, இங்க உக்காருங்க" என்றான்.

"தாத்தாவா? எனக்கும் இன்னிக்கித்தான்டா மொத நாளு. கிளாஸ்மேட்டுன்னு சொல்லு."

என் மடியில் இருந்த தடித்த வேத விளக்கவுரையைப் பார்த்ததும் எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் 'புக்கு'.

ஐயா பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். பின்னாலிருந்து ஒரு கை உயரும். "புரியல ஐயா." கடவுள் மூவராய் ஒருவர் என்கிற திரித்துவத்தைப் பற்றிப் படித்த அன்று அந்தக் கை மூன்று முறையாவது உயர்ந்திருக்கும். ஐயா சிரித்துக்கொண்டே பலகையைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்.

"அங்கிள், நீங்க கை தூக்குனா கிளாஸ் முடியவே முடியாதுலா" என்று ஜோயல் முனகினான்.

"முடியலன்னா என்னா? வீட்ல மாட்டையா கட்டிப் போட்டுட்டு வந்துருக்க?"

அவர் கேட்டபிறகுதான் எங்களில் யாருக்குமே அது புரிந்திருக்கவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினோம். அன்று வெயில் சாயும்வரை பேசினோம். எனக்குத் தெரிந்து மிகவும் சந்தோஷமான வகுப்பு அதுதான்.

அவருடைய குரலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். லோரி இன்ஜினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாம் சேர்ந்து சொல்லும்போது அந்தக் குரல்தான் கூரையைத் தாங்குவதுபோல் இருக்கும். ஆனால் ஒரு வரியில் அது நின்றுவிடும். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொல்லுகிற இடம். அங்கே மட்டும் ஆலயம் சட்டென்று மெலிந்துபோகும். அடுத்த வரியில் அவர் மறுபடி சேர்ந்துகொள்வார். எல்லோருக்கும் அது கேட்டது. யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. விளக்கவுரையில் அந்தப் பகுதியைத் தேடிப் படித்து, மன்னிப்பு என்பது உணர்ச்சியல்ல, ஒரு தீர்மானம் என்று அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க, புக்கு. ஆனா நான் இன்னும் தீர்மானிக்கலயே. வாயால மட்டும் சொன்னா பொய்யில்ல?"

அப்போதுதான் காரணத்தைச் சொன்னார். அவருடைய தாயார் ஜெராமில் இறந்தபோது, கடைசி மகனான தம்பி வேலுதான் காரியங்களைச் செய்தார். பாடை தூக்கும் நேரத்தில் அண்ணனைத் தடுத்துவிட்டார். "நீ வேதக்கார கோயிலுக்குப் போறவன். அம்மாவுக்குத் தோள் குடுக்கக் கூடாது." ஊர் முன்னால் சொன்ன சொல். அன்றிலிருந்து அங்கிள் ஜெராம் பக்கம் போகவில்லை. கிள்ளானுக்கு லோடு ஏற்றினாலும் உள்பாதையில் சுற்றிக்கொண்டுதான் போவார்.

நம் ஆலயத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் எடுப்பவர்களும் திடப்படுத்தப்படுகிறவர்களும் சபையைப் பார்த்து வரிசையாக நின்று அந்த ஜெபத்தைத் தாங்களே சொல்லவேண்டும். சபை கேட்டுக்கொண்டிருக்கும். ஈஸ்டர் நெருங்கியபோது அங்கிள் எழுந்து, "என் பேர எடுத்துருங்க ஐயா" என்றார்.

"உங்க மனசு கடவுளுக்குத் தெரியும், முனியாண்டி."

"அவருக்குத் தெரியும்னுதான் பயமா இருக்கு."

ஐயா வற்புறுத்தவில்லை. பெயரையும் எடுக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் இல்லாமல் அந்த வரிசையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சபை விருந்துக்கு மீன் வாங்கவேண்டியிருந்தது. வேன் ஓட்டுவது அங்கிள்தான். ஜோயலும் நானும் உதவிக்குப் போனோம். முச்சந்தியில் வேன் ஜெராம் சாலையில் திரும்பியது. ஜோயல் என் முழங்கையை இடித்தான். அவரே பேசினார்.

"தெனமும் வீட்ல தனியா அந்த ஜெபத்தச் சொல்றேன். அந்த வரிக்கு வந்ததும் நின்னுருவேன். ஒருநா தோணுச்சு, புக்கு. நான் நிக்கிற எடத்துல ஆண்டவரும் நிக்கிறாரு. என்னைய விட்டுட்டு அவரு அடுத்த வரிக்குப் போகல. இத்தன நாளா எனக்காக நின்னுக்கிட்டு இருக்கவர எப்படி இன்னும் நிக்க வைக்கிறது?"

ஜெராமில் தம்பி வேலு மாமாவின் மீன்கடையில் கூட்டம் குறைவாக இருந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"என்னா மீனு?"

"செனாங்கின் இருந்தா குடு. சபைக்கு."

மாமா மீனை எடுத்துச் செதில் தேய்க்கத் தொடங்கினார். நிமிராமலே, "நான் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்" என்றார்.

"நீ கேக்கணும்னு வரல. நான் குடுக்க வந்தேன்."

"குடுத்துட்டியா?"

"இன்னும் முழுசா இல்ல. நீ மீன வெட்டு, பாக்கலாம்."

ஜோயல் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததைப் பார்த்து மாமாவும் சிரித்தார், பிறகு சிரித்ததற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீனை வெட்டி முடித்ததும், கேட்காமலேயே ஒரு பையில் நண்டை அள்ளிப் போட்டார். "அம்மா உனக்குன்னு எடுத்து வைக்குமே." அண்ணன் அந்தப் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அங்கிள் ஓயாமல் பாடிக்கொண்டு வந்தார். "ஞானம்னா என்னான்னு ஐயா மொத நாளு கேட்டாருல்ல? அது ஜெராம்ல ஐஸ் போட்டு வெச்சிருந்துச்சுன்னு சொல்லிரு."

மறுநாள் காலை நாங்கள் வரிசையாக நின்றோம். ஐயா புதுப் பெயர் ஏதும் வேண்டுமா என்று கேட்டிருந்தார். "அம்மா வெச்ச பேரு, இருக்கட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டார். முனியாண்டி என்ற பெயரிலேயே ஞானஸ்நானம் பெற்றார். பிறகு ஜெபம். அந்த வரி வந்ததும் அவர் நின்றார். நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை, ஆனால் வகுப்பு முழுவதும் அவரோடு நின்றுவிட்டது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அந்தப் பெரிய குரல் வரியைத் தொடங்கியது. நாங்கள் பின்னால் சென்றோம். கடைசி பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அடக்க ஆராதனைக்கு வேலு மாமா நெற்றியில் திருநீற்றோடு வந்திருந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் ஐயாவிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார். "நான் தோள் குடுக்கலாங்களா? ஒங்க வழக்கம் எனக்குத் தெரியாது."

ஐயா அவரைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அண்ணனின் தலைப்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு மாமா நடந்தார். கல்லறையில் நாம் ஜெபம் சொன்னபோது அந்த வரியில் சபை முழுவதும் ஒரு மூச்சு நின்றதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அழுதுகொண்டிருந்த ஜோயல் அந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

என் விளக்கவுரை இன்னும் என்னிடம் இருக்கிறது, நிறைய படிக்கவும் போகிறேன். ஆனால் அங்கிளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு மூச்சு. அந்த வரிக்கு வந்ததும் நிற்கிறேன். யாருடைய முகமாவது வருகிறது. சில நாள் உடனே கடந்துவிடுகிறேன். சில நாள் நேரமாகிறது. நேரமானாலும் பயமில்லை. கூட நிற்கிறவர் என்னை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகமாட்டார்.