சங்கிலியைக் கழுத்தில் போட்டவர்

கிளேபாங் கடற்கரை. சாயங்கால வெயில் ஈர மணலில் ஒட்டிக் கிடக்கிறது. கன்றுக்குட்டி உயர நாயொன்று அவிழ்ந்து ஓடிவருகிறது. அதன் சங்கிலி, வளர்ப்பவரின் கழுத்தில் மாலையாகத் தொங்குகிறது. ஒரு சின்னப் பெண் அலறியபடி தாயின் இடுப்பில் தொற்றிக்கொள்கிறாள். அவள் கீழே போட்டுவிட்ட ஐஸ்கிரீமை நாய் நக்குகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"பிள்ளைங்க விளையாடுற இடம். சங்கிலிய நாய்க்குப் போடுங்கண்ணே!"

"கடிக்காது லா. பைரவரோட வாகனம். பாப்பா, கும்பிட்டுக்கோ, பயம் போயிரும்," என்று சிரிக்கிறார்.

நடுங்கும் குழந்தைக்குப் பக்திப் பாடம்! என்ன திமிர்!

தாய் திரும்புகிறாள். "சாமியவே தேர்ல ஏத்தி, வடம் புடிச்சுத்தான் தெருவுல கூட்டிட்டு வர்றோம் அங்கிள். வாகனத்துக்கு ஒரு கயிறு ஆகாதா?"

சிரிப்பு நிற்கிறது. சங்கிலி அவர் கழுத்திலிருந்து நாயின் கழுத்துக்குப் போகிறது.

சிறுமி இன்னும் மணலில் கால் வைக்கவில்லை.